கொஞ்சம் தூரம்

முதலாம் ஓலை வாசித்த ஞாயிறு நான் புதுச் சீலை உடுத்துக்கொண்டு முன்வாங்கில் இருந்தேன். என் மகளின் பெயரைச் சுவாமியார் பீடத்தில் நின்று வாசிக்கப் போகிறார், லாங்கன்தால் தமிழ்ச் சனம் முழுக்கக் காதைக் கொடுத்துக் கேட்கப் போகிறது, இதற்கு ஒரு சீலை எடுக்காமல் வேறு எதற்கு எடுப்பது? எங்கள் வேதத்தில் கலியாணம் பேசி முற்றாகினால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. சுவிசில் எங்கள் சுவாமியாருக்கு ஒரே ஊரில் தொடர்ந்து தமிழ்ப் பூசை இல்லை. ஒரு ஞாயிறு எங்களூர், அடுத்த ஞாயிறு பாசல், அதற்கடுத்தது சூரிச் என்று பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் திரிகிற மனிதர். அதனால் றோஷினியின் மூன்று ஓலையும் மூன்று ஊரில். நல்லதாய்ப் போயிற்று, மூன்று ஊர்ச் சனமும் கேட்கட்டும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுவாமியார் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வாசித்தார். “லாங்கன்தாலில் வசிக்கும் மரியதாஸ், லூசியா ஆகியோரின் அன்புப் புதல்வி றோஷினிக்கும், மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகக் கொண்ட தோமஸ், எமில்டா ஆகியோரின் அன்புப் புதல்வனும் தற்போது பிரெஞ்சு கயானா, மரிப்பசூலா பங்கில் வசிப்பவருமாகிய மயூரனுக்கும்…”

எங்கேயென்று சொன்னார்? நான் வலப்பக்கம் திரும்பி என் மனிதர் மரியதாசைப் பார்த்தேன். அவர் பீடத்துப் பூச்சாடியில் கண்ணாயிருந்தார். இடப்பக்கம் றோஷினியைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தாள். சுவாமியார் யாருடையதையோ மாற்றி வாசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் தகப்பன் பெயர் சரி, தாய் பெயர் சரி, பேசாலை சரி. இடம் மட்டும்தான் பிழை. எனக்குத் தெரிந்த மயூரன் பிரான்சில் நேர்ஸ். அவனுடைய தாய் தகப்பன் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில் இருக்கிறார்கள். இந்த மரிப்பசூலா எந்தப் பிரான்சில் கிடக்கிறது?

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்சும் கொடுத்தார்கள். நான் கோப்பையைக் கையில் எடுக்கவில்லை, பத்மினி வந்துவிட்டாள். எங்கள் தெருவில் இருப்பவள். யாருடைய வீட்டு விசேஷத்திலும் முதல் கேள்வி அவளுடையது.

“லூசியாக்கா, மாப்பிள்ளை பிரான்ஸ் எண்டெல்லே சொன்னனீங்கள்? கயானா எண்டா ஆபிரிக்காவிலை இருக்கிறது எல்லே?”

“ஆபிரிக்கா இல்லையப்பா, தென்னமெரிக்கா. பிறேசிலுக்குப் பக்கத்திலை” என்று அவளுடைய புருஷன் போனைப் பார்த்துச் சொன்னான்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த நேரம் நான் செய்ய வேண்டியது என்ன? எனக்கும் இப்போதுதான் தெரியும் பிள்ளையள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? எனக்குத்தான் வாய் இருக்கிறதே.

“ஓம், தெரியும்தானே” என்று சிரித்தேன். “பிரான்சின்ரை இடம்தான். கொஞ்சம் தூரம்.”

காரில் ஏறும்வரைக்கும் அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருந்தேன். அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பந்தம் முற்றானவுடனே மரியதாஸ் ஓடிக்கொண்டிருந்த நல்ல காரை விற்றுவிட்டு ஒரு பெரிய டீசல் கார் எடுத்தார். மாதம் ஒருக்கால் பாரிசுக்குப் போய்வர டீசல்தான் தோது என்று தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற சுவிஸ்காரன் சொன்னானாம். விடிய வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டில் நிற்கலாம். எங்கே டீசல் அடிப்பது, எங்கே கோப்பி குடிப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தார். இப்போது அந்தக் காரை எடுத்து நாங்கள் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போனோம். கார் சூடாகும் முன்னமே வீடு வந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமோ?” என்று றோஷினியைக் கேட்டேன்.

“தெரியும் அம்மா.”

“எப்ப தொடக்கம்?”

“முதல் நாள் தொடக்கம். அவர் எனக்குச் சொன்னவர். அவரின்ரை அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சனான். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஓம்பட்டிட்டீங்கள் எண்டு எனக்குச் சந்தோசமா இருந்தது.”

அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் விசராக்கியது. யாரையாவது பிடித்து ஏசலாம் என்றால் ஏசுவதற்கு ஆள் அகப்படவில்லை. பாசலில் இருக்கிற பாலேந்திரன் அண்ணைதான் இந்தச் சம்பந்தம் கொண்டுவந்தவர். அவரிடம் நான் கேட்காத கேள்வியா? பேசாலையில் எந்தக் குறிச்சி? தாயினுடைய பகுதி யார்? தகப்பனுடைய தமையன்மாரில் குடிகாரர் உண்டோ? எங்கள் ஊர் வங்காலைப் பக்கத்தில் யாரைக் கட்டியிருக்கிறார்கள்? குடும்பத்தில் யாரும் வேதம் மாறினார்களோ? மூன்று தலைமுறை தோண்டினேன். பேசாலைக்குப் போன் போட்டு அவர்களுடைய பழைய வீட்டுக்கு அயலில் இருந்த மனுசியைக்கூடக் கண்டுபிடித்து விசாரித்தேன். இப்போது எங்கே இருக்கிறான் என்றதற்கு “பிரான்ஸ்” என்றார் பாலேந்திரன் அண்ணை. அதற்கு மேலே கேட்க அதில் என்ன இருக்கிறது? பிரான்ஸ் என்றால் பாரிசில் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு, லா கூர்நேவ் மாடிவீடு. எங்கள் ஆட்களில் யார்தான் அதற்கு மேலே கேட்டார்கள்?

பொம்பிளை பார்க்க வந்தபோது மயூரனும் வந்தான். நல்ல பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுவந்து வைத்தான். கை முழுக்க நுளம்பு கடித்த தழும்பு. பாரிசில் இவ்வளவு நுளம்போ தம்பி என்று கேட்டேன். அவன் சிரித்தான். பாவம், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான். நான் உள்ளே போய் அவனுக்கு ஒரு களிம்பு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். என்ன கண்றாவி!

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன்னம் லா கூர்நேவுக்குப் போன் அடித்தேன்.

“எமில்டா, மகன் இருக்கிற இடத்தை நீங்கள் ஒளிச்சிட்டீங்கள்.”

“ஐயோ, மாதாவாணை ஒளிக்கேல்லை. கொஞ்சம் தூரத்திலை வேலை எண்டு சொன்னனான்தானே.”

“கொஞ்சம் தூரம் எண்டா நான் பாரிசுக்குக் கொஞ்சம் வெளியிலை எண்டு நினைச்சன். கடலுக்கு அங்காலையும் கொஞ்சம் தூரமோ?”

அவ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னா. “லூசியா, நான் பெத்த பிள்ளையை வருஷத்திலை ஒருக்காத்தான் பாக்கிறன். ஒரு வருஷம் எண்டு போனவன். பேந்து இன்னொரு வருஷம் எண்டான். இப்ப கேட்டா, அங்கை சனத்துக்கு ஆள் இல்லை அம்மா எண்டுறான். சுவிசிலை வளந்த பிள்ளை, படிச்ச பிள்ளை, அந்தக் காட்டிலை கனநாள் இருக்கமாட்டாள், அவனையும் இழுத்துக்கொண்டு வந்திடுவாள் எண்டு நினைச்சன். அதுதான் நான் வாய் திறக்கேல்லை. கோவிக்காதேங்கோ.”

ஏசுவதற்குத்தான் அடித்தேன். ஏசி முடிக்க முதலே எனக்கு அந்த மனுசியில் இரக்கம் வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை என்ன, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கயிறோ?

மரியதாஸ் தன்னுடைய வழியில் குழம்பினார். அவருக்குக் குழப்பம் வந்தால் தகவல் சேர்ப்பார். அன்று பின்னேரம் மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். “இஞ்சரும் லூசியா, சட்டப்படி அதுவும் பிரான்ஸ்தான். கொடி அதே கொடி. காசு யூரோ. பொலிசும் பிரெஞ்சுப் பொலிஸ்தான். எலெக்சனுக்கு அவங்களும் பாரிசுக்குத்தான் வோட்டுப் போடுறாங்கள்.”

“அப்ப காரிலை போவமோ?”

அவர் அடுத்த பக்கத்தைத் திறந்தார். “மரிப்பசூலாதான் முழுப் பிரான்சிலையும் பெரிய ஊராம். சுவிசிலை அரைவாசி அளவு வரும்.”

“எவ்வளவு சனம்?”

“லாங்கன்தாலைவிடக் குறைவுதான்.”

“மிச்ச இடத்திலை என்ன இருக்கு?”

“காடு” என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கீழே போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் படுக்கப் போனாலும் நான் மேசையை விட்டு எழும்பவில்லை. எனக்குத்தான் எதையும் கண்ணால் பார்க்க வேண்டுமே. விமானம் இறங்குகிற பட்டினம் கயென். அங்கிருந்து கரையோடு ஒரு தெரு போகிறது. ராக்கெட் விடுகிற கூரூ, அடுத்தது சினமாரி, இரக்கூபோ என்று சின்னச் சின்ன ஊர்கள், கடைசியில் மறோனி ஆற்றங்கரையில் சென் லோரன். அங்கே தெரு முடிந்தமாதிரித்தான். அதற்கு மேலே ஆறுதான் தெரு. அப்பத்து, கிரான்சான்ரி, பப்பாயிஷ்ரோன் என்று ஆற்றோடு படகில் நாள்கணக்காய் ஏறிப் போனால் மரிப்பசூலா. இல்லாவிட்டால் கயெனிலிருந்து ஒரு குட்டி விமானம். ஒவ்வொரு ஊராக நான் படம் பார்த்தேன். பலகை வீடுகள். தகரக் கூரை. ஆற்றில் இறங்கி உடுப்புத் தோய்க்கிற பெண்கள். நீட்டு வள்ளத்தில் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஒவ்வொரு ஊரிலும் முதலில் கோயிலைத் தேடினேன், பிறகு ஆஸ்பத்திரியை. சில ஊரில் கோயில் இருந்தது, ஆஸ்பத்திரி இல்லை. சில ஊரில் எது கோயில், எது பள்ளிக்கூடம் என்றே எனக்கு விளங்கவில்லை.

கக்காவோ என்று ஒரு கிராமம் கண்டேன். லாவோசிலிருந்து அகதியாய் ஓடிவந்த சனத்தைப் பிரெஞ்சுக்காரர் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் அந்தக் காட்டுக்குள் இறக்கினார்களாம். அவர்கள் காட்டை வெட்டி மரக்கறி போட்டு இப்போது அந்த நாட்டுக்கே சாப்பாடு கொடுக்கிறார்களாம். சந்தைப் படத்தில் ஒரு கிழவி குந்தியிருந்து பாவற்காய் விற்றாள். நல்ல முள்ளுப் பாவற்காய். அந்தப் படத்தை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து எனக்கு ஏன் ஆறுதலாக இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு வரைபடத்தில் பார்த்தால் கக்காவோ ஒரு மூலையில், மரிப்பசூலா இன்னொரு மூலையில். அந்த ஆறுதலும் போயிற்று.

எனக்கு முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் வேலை. அந்தக் கிழமை நான் மடித்த உடுப்பெல்லாம் மாறிப்போயிற்று. மேல்மாடிக் கிழவி ஃப்ராவ் ஆம்மானுடைய அலுமாரியில் கீழ்மாடிக் கிழவனுடைய காற்சட்டை. அந்த மனுசி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்த ஆள் எப்போது என்னிடம் குடிவந்தார் என்று என்னைக் கேட்டா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்த வாக்கில் அழுகை வந்துவிட்டது. ஃப்ராவ் ஆம்மான் பயந்து காற்சட்டையைக் கீழே போட்டுவிட்டா.

இரண்டாம் ஓலைக்குப் பாசல் போனோம். பூசைக்கு முன்னம் சுவாமியார் தனியே உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்கும்போது நான் உள்ளே நுழைந்துவிட்டேன்.

“ஃபாதர், ஒரு கேள்வி. தூரம் ஒரு தடையோ?”

“எதுக்கு அக்கா?”

“கலியாணத்துக்கு. நீங்கள் தடை தெரிஞ்சா வந்து சொல்லுங்கோ எண்டு வாசிக்கிறீங்கள்தானே. எனக்கு ஒண்டு தெரியும். தூரம்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. “நீங்கள் எப்பிடி அக்கா சுவிசுக்கு வந்தனீங்கள்?” என்று கேட்டார்.

அவருக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மரியதாஸ் எண்பத்துமூன்றில் வந்தவர். எண்பத்தைந்தில் நான் அவருடைய ஒரேயொரு படத்தை வைத்துக்கொண்டு தன்னந்தனியாக வந்து இறங்கினேன். சுவிஸ் எது, சுவீடன் எது என்று அப்போது எனக்கும் தெரியாது, என்னை அனுப்பினவர்களுக்கும் தெரியாது.

“அது சண்டைக் காலம் ஃபாதர். எங்களுக்குப் போக்கிடம் இல்லை. இவளுக்கு என்ன குறை? வீடு இருக்கு, வேலை இருக்கு. நாங்கள் இவ்வளவு பாடுபட்டு இங்கை வந்தது இவள் அங்கை போறதுக்கோ?”

“தூரம் திருச்சபைக்குத் தடை இல்லை, அக்கா. மகளுக்கு மனம் இல்லாட்டி அதுதான் தடை. நீங்கள் என்னைக் கேக்காமல் அவவைக் கேளுங்கோ. அவ வேண்டாமெண்டா மூண்டாவது ஓலையை நான் வாசிக்கமாட்டன்.” பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். “அவவாலை சொல்ல ஏலாட்டி, நீங்கள் வந்து சொன்னாலும் நான் நிப்பாட்டிப்போட்டு விசாரிப்பன்.”

பூசையில் அவர் வாசித்தபோது பாலேந்திரன் அண்ணை எனக்குப் பின்வாங்கில் இருந்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் பூசை முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை. வெளியே வந்து, “பிரான்ஸ் எண்டுதான் எனக்கும் சொன்னவை தங்கச்சி, நான் என்ன பாஸ்போட்டைக் கிழிச்சே பாக்கிறது” என்றார். அவரோடு இழுபறிப்பட எனக்குத் தெம்பு இல்லை.

அந்தக் கிழமை நடுவில் ஒரு பின்னேரம் மயூரன் ஸ்கைப்பில் வந்தான். அங்கே மத்தியானம். றோஷினி கணினியை என் பக்கம் திருப்பிவிட்டாள். அவனுடைய முகம் சதுரம் சதுரமாகக் கலைந்து கூடியது. பின்னால் யாரோ தகரத்தில் கல்லெறிகிறமாதிரி ஒரே இரைச்சல்.

“மாமி, சத்தம் கேக்குதோ? மழை. கொஞ்சம் பொறுங்கோ, உங்களுக்கு ஆத்தைக் காட்டுறன்.”

யன்னலடிக்குக் கொண்டுபோனான். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் பெரிய ஆறு. அதன் அக்கரையில் ஒரு கடை, அதன் பெயர்ப்பலகைகூடத் தெரிந்தது.

“அங்காலை தெரியிறது சூரினாம். வேறை நாடு. கோழி வாங்க நாங்கள் அங்கைதான் போறது, மலிவு.”

“வேறை நாட்டுக்கோ? பாஸ்போட்?”

“ஒருத்தரும் கேக்கிறேல்லை மாமி. வள்ளத்திலை ஏறினாச் சரி.”

ஒரு எல்லை தாண்டுவதற்கு நாங்கள் பட்ட பாடு என்ன, லொறிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது என்ன. அங்கே கோழி வாங்கப் போகிறார்களாம்.

“பாம்பு இருக்கோ தம்பி?”

“இருக்கு மாமி.”

“மலேரியா?”

“முந்தி மாதிரி இல்லை.”

ஒரு சொல்லுக்காவது பொய் சொல்லமாட்டானா என்று இருந்தது. பொய் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடிக்கலாம். “மாமி, உங்களுக்குப் பயம் எண்டு தெரியும்” என்றான் அவனாகவே. “றோஷினி வரேல்லை எண்டு சொன்னாலும் நான் கோவிக்கமாட்டன். ஆனா வந்தா இங்கை அவவுக்கு நிறைய வேலை இருக்கு.” அதோடு அவனுடைய முகம் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி. கொஞ்ச நேரத்தில் அதுவும் போயிற்று.

றோஷினி மருத்துவிச்சி. இங்கே ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல பெயர். பிரெஞ்சும் தெரியும். கணினியை மூடிவிட்டு அவள் சிரித்த முகத்தோடு இருந்தாள். அவளை அப்படிப் பார்த்துக் கனகாலம். ஆறு சம்பந்தம் வேண்டாமென்று தள்ளினவள், இவனுக்கு மட்டும் ஓம் என்றவள்.

“எல்லாம் சரி பிள்ளை, பிள்ளை பெறுறது எண்டா அந்தச் சனம் எங்கை போகும்?” என்று கேட்டேன்.

“அம்மா! அதுக்குத்தானே நான் போறன்.”

“நீ ஊராற்றை பிள்ளையைப் பாப்பாய். உன்ரை பிள்ளையை ஆர் பாப்பினம்?”

கேட்டவுடனே நாக்கைக் கடித்தேன். அவளுடைய சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த கோப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள்.

“அது நானும் யோசிச்சனான்” என்றாள். “கஷ்டமான கேஸ் எண்டா ஹெலிகொப்டர் வரும். மழை எண்டா வராது.”

“அப்ப ஏன்டி போறாய்?”

“இங்கை ஒரு பிள்ளைப்பேறு எண்டா அறையிலை நாலு பேர் நிப்பினம் அம்மா. நான் நிண்டாலும் ஒண்டு, நிக்காட்டியும் ஒண்டு. அங்கை நான் இல்லாட்டி ஒருத்தரும் இல்லை.” பிறகு கோப்பையைத் தள்ளி வைத்தாள். “ஆனா சில நேரம், இதெல்லாம் அவர் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்லுறனோ எண்டு இருக்கு. நித்திரையாலை எழும்பினா நெஞ்சு இடிக்குது. எனக்கு அவரிலை விருப்பம். அந்த இடத்திலை விருப்பமோ எண்டு தெரியேல்லை. பாக்காத இடத்தை எப்பிடிச் சொல்லுறது?”

“அப்ப வேண்டாம் எண்டு சொல்லு. ஃபாதர் வாசிக்கமாட்டார்.”

“என்னாலை சொல்ல ஏலாது.” அவள் என்னை நேரே பார்த்தாள். தகப்பனுடைய கண். “நீங்கள் போகாதை எண்டு சொல்லுங்கோ, நான் போகேல்லை. சத்தியமா. ஒருக்காலும் உங்களைக் குறை சொல்லமாட்டன். ஆனா நீங்கள் வாயாலை சொல்லோணும்.”

நான் வாயைத் திறந்தேன். கடவுளே, அது எவ்வளவு சின்னச் சொல். வாழ்நாள் முழுக்க அவளுக்கு ஆயிரம் தடவை சொன்ன சொல். மழைக்குள் போகாதே, இருட்டில் போகாதே, அந்தப் பெட்டையோடு போகாதே. இப்போது அது வெளியே வரமாட்டேன் என்றது. போ என்று சொல்லவும் வரவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அந்தச் சாட்டில் எழும்பிவிட்டேன். சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றபோது அவள் குசினி வாசலில் கனநேரம் நின்றாள். பிறகு தன்னுடைய அறைக்குப் போய்விட்டாள்.

படுக்கையில் மரியதாசிடம் சொன்னேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“உம்மட்டைத்தானே கேட்டவள்” என்றார். பிறகு, “என்னட்டைக் கேட்டிருந்தா நான் போகாதை எண்டிருப்பன். அது தெரிஞ்சுதான் என்னட்டைக் கேக்கேல்லை” என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதையும் நான் எப்படி எடுப்பது? தகப்பனிடம் கேட்டால் மறிப்பார் என்று தெரிந்து என்னிடம் வந்தாள் என்றால், நான் மறிக்கமாட்டேன் என்று நினைத்தாளோ? அப்படியென்றால் அவளுக்குப் போகத்தான் ஆசை. இல்லை, நான்தான் இந்த வீட்டில் உரத்த வாய், மறித்தால் நான் மறித்தால்தான் நிற்கும் என்று நினைத்தாளோ? ஒரு பக்கம் நினைத்தால் அது சரியாக இருந்தது, மறுபக்கம் நினைத்தால் இது. சனிக்கிழமை முழுக்க வீட்டைக் கழுவினேன். கழுவின இடத்தையே திருப்பிக் கழுவினேன். றோஷினி வேலைக்குப் போய் வந்தாள், சாப்பிட்டாள், என்னோடு சாதாரணமாகத்தான் கதைத்தாள். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஞாயிறு சூரிச்சுக்கு ரயிலில் போனோம். மரியதாஸ் கார் எடுக்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. லாங்ஸ்ற்றாசத் தெருப் பக்கம் தமிழ்க் கடைகள் ஞாயிறென்று பூட்டிக் கிடந்தன. ட்ராமில் றோஷினி எனக்கும் தகப்பனுக்கும் நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சூரிச் கோயிலில் எங்களை அவ்வளவாய் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் செய்தி எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. காட்டுக்குப் பெட்டை கொடுக்கிற ஆட்கள் இவர்கள்தான் என்று ஒரு வாங்கில் இருந்து மறு வாங்குக்குப் போனதை நான் காதாலேயே கேட்டேன். வேறு நாளென்றால் திரும்பி ரெண்டு வார்த்தை கொடுத்திருப்பேன். அன்று முழந்தாளிட்டேன். என்ன செபம் சொல்வதென்றும் தெரியவில்லை. அவளைப் போக விடும் என்றோ, நிற்க விடும் என்றோ கேட்க வரவில்லை. யேசுவே, யேசுவே என்று பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நற்கருணை முடிந்தது. சுவாமியார் தாளை எடுத்தார். இப்போது மரிப்பசூலா அவருடைய வாயில் தடக்காமல் வந்தது, நம்முடைய ஊர்ப் பெயர் ஒன்றுபோல. “இது மூன்றாம் ஓலை. இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். லாங்கன்தாலிலும் பாசலிலும் இவ்வளவு நேரம் நிறுத்தவில்லை. தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அப்போது றோஷினியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. குளிர்ந்துபோன கை. வளையல்கள் தோலில் அழுந்தின. எழும்பாதேங்கோ அம்மா என்று கீழே அழுத்துகிறாளோ, எழும்புங்கோ அம்மா என்று மேலே தூக்குகிறாளோ? நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். கோயிலில் யாரோ இருமினார்கள். சுவாமியார் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மற்றக் கையால் முன்னால் இருந்த வாங்கின் விளிம்பைப் பிடித்தேன். அவளுடைய பிடி இன்னும் இறுகியது.